ஏன் இப்படி நசுக்குகிறார்கள்? - மேமோகிராம் வந்த கதை

மேமோகிராம் எடுத்துவிட்டு வெளியே வரும் பெண்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். தமிழோ மராத்தியோ குஜராத்தியோ, பதில் ஒன்றுதான். "நசுக்கிட்டாங்கப்பா!"

அடுத்த கேள்வியும் எல்லாருக்கும் வருவதுதான். இதுவும் எக்ஸ்ரேதானே? கையை, நெஞ்சை எடுக்கிற மாதிரி நின்ற இடத்தில் எடுத்துவிட்டு அனுப்பக் கூடாதா? எதற்கு இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து அப்பளம் மாதிரி அழுத்துகிறார்கள்? இதெல்லாம் யார் கண்டுபிடித்தது?

நான் டாக்டர் இல்லை. மும்பையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மெடிக்கல் கிளெய்ம் ஃபைல்களோடு பதினாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அந்த ஃபைல்களில் வரும் ரிப்போர்ட்டுகளைப் படித்துப் படித்துத்தான் இந்த மிஷினின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். தேடியதில் ஒன்று புரிந்தது. அந்த அறையில் நம்மைப் படுத்துகிற ஒவ்வொரு விஷயத்துக்கும் பின்னால் ஒரு ஆள், ஒரு ஊர், ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் பயம் பாதி குறைந்துவிடும். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எலும்பு தெரிந்தது, சதை தெரியவில்லை

1895 நவம்பர் 8. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்ற பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் அதில் மாட்டியிருந்த மோதிரமும் பளிச்சென்று தெரிந்தன. பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் எல்லோரும் பார்த்த படம்தான்.

எலும்பு கெட்டி, சதை மெத்து. அதனால் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. மார்பகத்தில் அந்த வசதி இல்லை. கொழுப்பு, பால் சுரப்பிகள், கட்டி எல்லாமே மெத்தென்ற திசுதான். எக்ஸ்ரேக்கு எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம். பாலுக்குள் மோரைத் தேடுகிற கதை!

அதைத் தேடத் துணிந்த முதல் ஆள் பெர்லினில் இருந்த ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர். அந்தக் காலத்தில் மார்பகப் புற்றுநோய் என்றால் முழு மார்பகத்தையும், அடியில் இருக்கும் தசையையும், அக்குளில் உள்ள நெறிக்கட்டுகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஹால்ஸ்டட் என்ற டாக்டர் பரப்பிய முறை அது. சாலமன் அப்படி அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் தெரிவதையும் எக்ஸ்ரேயில் தெரிவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். 1913-ல் அதை வெளியிட்டார். புற்றுநோய் இருந்த இடங்களில் சில சமயம் நுண்ணிய புள்ளிகள் தெரிவதை அவர் பார்த்திருக்கிறார். அவற்றின் முழு அர்த்தம் அப்போது யாருக்கும் பிடிபடவில்லை.

அடுத்த வருஷமே முதல் உலகப் போர். பிறகு ஹிட்லர். சாலமன் யூதர். 1933-க்குப் பிறகு பல்கலைக்கழக வேலை போயிற்று. 1938-ல் சாக்ஸன்ஹாவுஸன் முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்ததும் மனைவியோடு ஹாலந்துக்குத் தப்பிப் போய் உயிர் பிழைத்தார். பிரான்ஸில் ஒளிந்திருந்த ஒரே மகள், ஷார்லட் சாலமன் என்ற ஓவியர், 1943-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டாள். அப்போது அவளுக்கு வயது 26. கர்ப்பமாக இருந்தாள். அவள் வரைந்து வைத்த நூற்றுக்கணக்கான ஓவியங்கள் பிழைத்து, இன்று உலகமே பார்க்கிறது. அப்பாவின் 3,000 படங்களைப் பற்றி மருத்துவ வட்டாரத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

சாலமன் எடுத்ததெல்லாம் அறுவைக்குப் பிறகு. உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு அறுவைக்கு முன்பே எடுத்துப் பார்க்கலாம் என்று காட்டியவர் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஸ்டாஃபோர்ட் வாரன். 1930-ல் அவர் கட்டுரை வந்தது. (இதே வாரன்தான் பிறகு அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தின் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். வாழ்க்கை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது பாருங்கள்.) ஆனால் அவர் முறையை மற்ற ஊர் டாக்டர்கள் செய்தபோது படம் சரியாக வரவில்லை. ஒருவருக்கு வருவது இன்னொருவருக்கு வராவிட்டால் அது கைமருந்து ரகசியம் மாதிரிதான். ஊருக்கு உதவாது.

நசுக்கச் சொன்னவர்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நசுக்கச் சொன்ன புண்ணியவான் யார்?

அமெரிக்காவும் இல்லை, ஐரோப்பாவும் இல்லை. தென் அமெரிக்காவில் இருக்கும் குட்டி நாடான உருகுவே. அதன் தலைநகரம் மான்டிவிடியோவில் ரவுல் லெபோர்ன் என்ற டாக்டர், 1940-களின் கடைசியில் இரண்டு விஷயங்களை வற்புறுத்திச் சொன்னார்.

முதலாவது, மார்பகத்தை அழுத்தித் தட்டையாக்கி எடுத்தால்தான் படம் தெளிவாக வரும். உருண்டையாக இருக்கும் சப்பாத்தி மாவுக்குள் ஒரு கடுகு இருந்தால் தெரியுமா? தேய்த்தால் தெரியும். அவ்வளவுதான் விஷயம். தட்டையாகும்போது ஒன்றன் மேல் ஒன்றாக மறைத்துக்கொண்டிருக்கும் திசுக்கள் விலகுகின்றன. தடிமன் குறைவதால் கதிர்வீச்சும் குறைவாகவே போதும். அசையாமல் பிடித்திருப்பதால் படம் கலங்காது. வலிக்காமல் மேலோட்டமாக அழுத்தினால் மங்கலான படம் வரும். பிறகு மறுபடியும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, சாலமன் பார்த்த அந்தப் புள்ளிகள். அவை கால்சியத் துகள்கள். புற்றுநோய் உள்ள மார்பகங்கள் பலவற்றில் அவை பொடி உப்பைத் தூவின மாதிரி ஒரே இடத்தில் கூட்டமாக இருப்பதை லெபோர்ன் கவனித்தார். கையால் தடவினால் ஒன்றுமே தெரியாத நிலையிலும் அந்த உப்புப் பொடி படத்தில் தெரியலாம். எல்லாப் புள்ளியும் புற்றுநோய் இல்லை. பெரும்பாலானவை வெறும் வயதின் அடையாளம். ஆனால் அவை இருக்கிற விதம், கூடியிருக்கிற ஒழுங்கு, இவற்றைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்கிறார்.

பவுடர் போடாதே, டியோடரன்ட் அடிக்காதே என்று சொல்லி அனுப்புகிறார்களே, ஏன் தெரியுமா? அந்தத் துகள்களும் படத்தில் இதே உப்புப் பொடி மாதிரி விழும்! குளித்துவிட்டு அக்குளில் தாராளமாகப் பவுடர் கொட்டிக்கொள்ளும் நம் ஊர்ப் பழக்கத்தை அன்று ஒரு நாள் மட்டும் விட்டுவிடுங்கள்.

அதன்பிறகு ஹூஸ்டனில் இருக்கும் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் ராபர்ட் ஈகன். எக்ஸ்ரேயின் சக்தியைக் குறைத்து, தொழிற்சாலைகளில் உலோகத்தைச் சோதிக்கப் பயன்பட்ட நுணுக்கமான ஃபிலிமைப் போட்டு எடுத்தார். 1960-ல் 1,000 பரிசோதனைகளின் முடிவை வெளியிட்டார். அவர் முறையில் மற்றவர்களுக்கும் அதே படம் வந்தது. இதுதான் பெரிய விஷயம். வித்தை பாடமாகிவிட்டது.

ஆனால் அதுவரை எல்லாரும் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிற மிஷினை வைத்துக்கொண்டுதான் சமாளித்தார்கள். மார்பகத்துக்கென்றே தனி மிஷின் வந்தது பிரான்ஸில், ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து சார்ல் குரோ என்ற டாக்டரின் முயற்சியில், 1960-களின் நடுவில். பெயர் செனோகிராஃப். மாலிப்டினம் என்ற உலோகம் வைத்த எக்ஸ்ரே குழாய், மிஷினோடு சேர்ந்தே வரும் அழுத்தும் தகடு. இன்று நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் நிற்பவை எல்லாம் அதன் பேத்திகள்தான். 2000-ல் அமெரிக்காவில் ஃபிலிம் இல்லாத டிஜிட்டல் மிஷினுக்கு அனுமதி கிடைத்தது. 2011-ல் அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் முப்பரிமாண முறைக்கும் கிடைத்தது. தகடு மட்டும் போகவில்லை.

எடுத்தால் உயிர் பிழைக்குமா?

படம் தெளிவாக வருகிறது, சரி. அதனால் உயிர் பிழைக்கிறார்களா? இது வேறு கேள்வி. இதைக் கேட்டவர்களில் ஒருவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஃபிலிப் ஸ்ட்ராக்ஸ். அவர் மனைவி பெர்த்தா 1947-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். வயது 39.

1963 டிசம்பரில் ஸ்ட்ராக்ஸும் சாம் ஷாபிரோ என்ற புள்ளியியலாளரும் லூயிஸ் வெனட் என்ற அறுவை மருத்துவரும் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் ஹிப் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்த பெண்கள், 40 முதல் 64 வயது வரை, சுமார் 62,000 பேர். (இன்சூரன்ஸ்காரி என்பதால் இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்னப் பெருமை :-) ) பாதிப் பேரை வருஷா வருஷம் மேமோகிராமுக்கும் டாக்டரின் கைப் பரிசோதனைக்கும் கூப்பிட்டார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம். கூப்பிட்ட குழுவில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 30 சதவிகிதம் குறைவு.

1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்பக அறுவை சிகிச்சை. அதுவரை பெரிய வீட்டுப் பெண்கள் இதை வெளியே சொல்வது அபூர்வம். மரண அறிவிப்பில் கூட 'நீண்ட நாள் நோய்' என்றுதான் போடுவார்கள். பெட்டி ஃபோர்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மூன்றே வாரத்துக்குள் துணை அதிபராக நியமிக்கப்பட்டிருந்த ராக்ஃபெல்லரின் மனைவிக்கும் அதே அறுவை. அவரும் மறைக்கவில்லை. பரிசோதனை நிலையங்களில் வரிசை நின்றது. அந்த வருஷம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கையே திடீரென்று மேலே ஏறியது. நோய் கூடவில்லை, சொல்வதற்கு இருந்த கூச்சம் குறைந்தது.

சுவீடனில் 1977-ல் தொடங்கிய பெரிய ஆய்வில் மேமோகிராம் மட்டும்தான். அதன் முடிவும் 1985-ல் ஏறக்குறைய அதே 30 சதவிகிதக் குறைவைக் காட்டியது. பிரிட்டன் 1988-ல் நாடு முழுவதற்கும் திட்டம் கொண்டுவந்தது.

எதிர்க்கட்சியும் இருக்கிறது. கனடாவில் 1980-ல் தொடங்கிய ஆய்வில் 50 முதல் 59 வயது வரை உள்ள பெண்களில் ஒரு குழுவுக்குக் கைப் பரிசோதனையும் மேமோகிராமும், இன்னொரு குழுவுக்குக் கவனமான கைப் பரிசோதனை மட்டும். 25 வருஷம் கழித்து 2014-ல் பார்த்தால் இறப்பில் வித்தியாசம் இல்லை! ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருந்திருக்கக்கூடிய கட்டிகளையும் கண்டுபிடித்து அறுக்கிறோம் என்ற வாதமும் வலுத்தது. அதனால்தான் இன்றும் நாட்டுக்கு நாடு கணக்கு மாறுகிறது. பிரிட்டனில் 50 வயதிலிருந்து 3 வருஷத்துக்கு ஒருமுறை. அமெரிக்க அரசின் நிபுணர் குழு 2024-ல் சொன்னது 40 வயதிலிருந்து 2 வருஷத்துக்கு ஒருமுறை. குழப்பமாக இருக்கிறதே என்றால், ஆமாம், குழப்பம்தான். நாற்பதைத் தாண்டியவர்கள் தங்கள் டாக்டரிடம் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருந்தால் இன்னும் முன்னாலேயே பேச வேண்டும்.

நம் பக்கத்துக் கதை

2022-ல் இந்தியாவில் 1,90,000-க்கும் அதிகமான பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு சொல்கிறது. இறந்தவர்கள் சுமார் 98,000. நம் பெண்களுக்கு மேலை நாட்டுப் பெண்களைவிட சராசரியாக இளைய வயதிலேயே வருகிறது. இளைய வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளை. அதனால்தான் இளையவர்களுக்குப் பல சமயம் அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்கிறார்கள்.

இவ்வளவு பெரிய நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் மேமோகிராம் என்பதற்கு மிஷினும் இல்லை, படம் பார்க்கும் டாக்டர்களும் இல்லை. அப்படியானால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியது நான் இருக்கும் இதே மும்பைதான். பரேலில் 1941-ல் திறந்த டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் டாக்டர்கள், இந்திரநீல் மித்ரா தலைமையில், 1998-ல் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். எளிய குடும்பங்கள் வாழும் 20 பகுதிகள். 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள். மேமோகிராமே கிடையாது. பயிற்சி கொடுக்கப்பட்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள், டாக்டரும் இல்லை நர்ஸும் இல்லை, 2 வருஷத்துக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் சோதித்தார்கள். புற்றுநோயைப் பற்றிப் பேசினார்கள். அவ்வளவுதான்.

20 வருஷம் கழித்து, 2021-ல் முடிவு வந்தது. சோதிக்கப்பட்ட பெண்களிடம் நோய் முன்கூட்டிய நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ளவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே பாதைதான். 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை கைப் பரிசோதனை.

இந்த 30 சதவிகிதத்தைப் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் யோசித்தேன். மிஷின் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கையில் படாத உப்புப் பொடியை மிஷின்தான் பார்க்கும். ஆனால் கையில் பட்ட பிறகும் வாயைத் திறக்காமல் இருக்கிறோமே, அந்த நாட்களைக் குறைப்பதற்கு எந்த மிஷினும் வராது.

என் பெரியம்மா கல்லிடைக்குறிச்சியிலிருந்து டோம்பிவிலியில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்தவர். ஒரு பிப்ரவரியில் குளிக்கும்போது புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ கையில் பட்டிருக்கிறது. வலி இல்லை. பேரனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று இருந்தார். பிறகு மருமகளுக்கு ஆபீஸில் வேலை அதிகம். பிறகு தீபாவளி வரட்டும். இந்தி தெரியாது, தனியாக டாக்டரிடம் போக முடியாது, மகனிடம் இதைச் சொல்ல வாய் வராது. நவம்பரில் சொன்னார். அதற்குள் அக்குளுக்குப் போயிருந்தது. மூன்று வருஷம் இருந்தார். "வலிச்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்பார்.

ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. தயவுசெய்து இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஊரில் இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடமாவது சொல்லியிருப்பார்கள். இங்கே வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு யார் இருக்கிறார்கள்? சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அதற்கு அடுத்த வருஷம் அங்கே சேர்ந்து, 2021-ல் காலமாகும் வரை அதோடேயே வாழ்ந்த டாக்டர் சாந்தா காலமெல்லாம் சொல்லி வந்ததும் இதுதான். இது சீக்கிரம் வந்தால் குணமாகும் நோய், பயந்து ஒளிக்கும் நோய் இல்லை.

அந்த அறையில் என்ன நடக்கும்?

போன வருஷம் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். வயது 64. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். அவர் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

எப்போது போகலாம்? மாதவிலக்கு இருப்பவர்கள் அது முடிந்த அடுத்த வாரம் போனால் வலி குறைவு. கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

யார் எடுப்பார்கள்? நாங்கள் போன இடத்தில் ஒரு மராத்திப் பெண். பெண் டெக்னீஷியன்தான் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேலே உடை கழற்ற வேண்டும். முன்பக்கம் திறக்கிற கவுன் கொடுப்பார்கள்.

"ஏம்மா, தாலியுமா கழட்டணும்?" இதுதான் அத்தைக்குப் பெரிய கவலை. கழுத்தில் இருப்பது படத்தில் விழக்கூடாது என்பதுதான் விஷயம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்ளச் சொன்னாள். தீர்ந்தது.

எத்தனை படம்? ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு. ஒன்று மேலிருந்து கீழாக, இன்னொன்று சாய்வாக. சாய்வாக எடுப்பது அக்குள் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க. ஆக மொத்தம் நான்கு முறை அழுத்தம். ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான். தாங்க முடியாவிட்டால் உடனே சொல்லலாம், நிறுத்துவார்கள். உடை மாற்றி வெளியே வர எங்களுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று.

மொழி தெரியாத பெரியவர்களுக்கு மூன்றே மூன்று இந்தி வாக்கியங்கள் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். 'சாஸ் ரோக்கியே' என்றால் மூச்சைப் பிடிங்க. 'ஹிலியே மத்' என்றால் அசையாதீங்க. 'கந்தா டீலா சோடியே' என்றால் தோளைத் தளர்த்துங்க. அத்தை மூன்றாவதைக் கேட்டதும் முருகனைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து "கந்தா, கடம்பா" என்று கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார் :-) தோள் தளர்ந்தால்தான் அழுத்தமும் குறைவாக வலிக்கும்.

கதிர்வீச்சு? வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் சும்மா இருக்கும்போதே நம் மேல் படுகிற இயற்கைக் கதிர்வீச்சு இருக்கிறது. சுமார் ஏழு வாரத்தில் அப்படிப் படுகிற அளவுதான் ஒரு மேமோகிராமில். 1970-களில் அளவு அதிகமாக இருந்தபோது அமெரிக்காவிலேயே பெரிய சர்ச்சை நடந்தது. அந்தச் சண்டையெல்லாம் போட்டுத்தான் அளவைக் குறைக்க வைத்தார்கள்.

ரிப்போர்ட்டில் ஒரு நம்பர்

ரிப்போர்ட்டின் கடைசியில் 'பை-ராட்ஸ்' என்று போட்டு ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு பாஷையில் எழுதிக் குழப்பியதால், அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993-ல் கொண்டுவந்த பொது மொழி அது. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

0 என்றால் பூஜ்யம் மார்க் இல்லை. படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும், அல்லது பழைய படம் வேண்டும் என்று அர்த்தம்.
1 என்றால் ஒன்றும் இல்லை.
2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் சாதுவானது.
3 என்றால் அநேகமாக சாது. வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள்.
4 என்றால் சந்தேகம். ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். புற்றுநோய் என்று முடிவான மாதிரி இல்லை. பலருக்கு ஒன்றுமில்லை என்றே வரும்.
5 என்றால் சந்தேகம் மிக அதிகம். தள்ளிப்போடவே கூடாது.
6 என்றால் ஏற்கெனவே உறுதியானது.

முக்கியமாக ஒன்று. ரிப்போர்ட் 1 என்று வந்திருந்தாலும் கையில் கட்டி தட்டுப்பட்டால் ரிப்போர்ட்டை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். மிஷினுக்கும் தப்பிப்போகும். டாக்டரிடம் கையால் காட்டுங்கள்.

இன்னொன்று, நம்மைப் போல மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுகிறவர்களுக்கு. பழைய படங்களையும் சிடிக்களையும் எறிந்துவிடாதீர்கள். போன முறை இல்லாத புள்ளி இந்த முறை இருக்கிறதா என்பதைத்தான் டாக்டர் முதலில் தேடுவார். மூட்டை கட்டும்போது கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு வைக்கிற அதே பையில் அவற்றையும் வையுங்கள்.

பெர்லினில் 3,000 மார்பகங்களைப் பார்த்தவர், மான்டிவிடியோவில் நசுக்கச் சொன்னவர், மும்பையில் வீடு வீடாகப் போன பெண்கள், இவர்கள் எல்லோரும் நமக்காகச் சம்பாதித்துக் கொடுத்தது கொஞ்ச மாதங்களைத்தான். கட்டி பெரிதாவதற்கு முந்தைய மாதங்கள். அவற்றை நாம் செலவழித்துவிடாமல் இருந்தால் போதும். ஏதாவது கையில் பட்டால் அன்றைக்கே வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். பரீட்சையும் தீபாவளியும் அதுபாட்டுக்கு நடக்கும்.

பி.கு: ஆண்கள் இதுவரை படித்திருந்தால் மிக்க நன்றி. அம்மாவிடம் இதைப் பற்றி நேராகப் பேசக் கூச்சமாக இருந்தால், இதைப் படித்துக் காட்டும்படி உங்கள் மனைவியிடமோ அக்கா தங்கையிடமோ சொல்லுங்கள். ஆண்களுக்கும் இந்த நோய் அபூர்வமாக வரும். அதனால் உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதினேன்.